படத்தில் அழகி, பேரேட்டில் கடன்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஜப்பானியர் மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த கணிகையர் படங்கள். உங்களில் பலர் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய ஓவியம் என்றால் முதலில் ஹொக்குசாயின் பேரலை நினைவுக்கு வரும். அடுத்து வருவது இந்தப் பெண்கள்தான். உயர்ந்த கொண்டை, அதில் வரிசையாகச் செருகிய ஆமையோட்டு ஊசிகள், அடுக்கடுக்காய்த் தரையில் புரளும் பட்டு, முன்பக்கம் முடிச்சிட்ட அகன்ற இடைக்கச்சை, சற்றே திரும்பிய நீண்ட முகம்.

அழகு என்கிறோம். அழகுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அழகு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோமே, அதில்தான் எனக்கு வருத்தம். இந்தப் பெண்கள் யார்? இந்தப் படங்களை யார் பணம் போட்டு அச்சிட்டார்கள்? எதற்காக அச்சிட்டார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு பார்த்தால், அதே படம் வேறு விதமாகப் பேசுகிறது. அந்தப் பேச்சைத்தான் இன்று உங்கள் காதில் போட வந்திருக்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். தோக்குகாவா குலத்தின் ஷோகன்கள் அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள். ஊர் முழுக்கப் படைவீரர், கூலிக்காரர், கைவினைஞர். பெண்களைவிட ஆண்கள் மிக அதிகம். 1617இல் அரசே அனுமதி கொடுத்து, நகரில் ஒரு விபசாரப் பேட்டையை ஒரே இடத்தில் அடைத்தது. அதுதான் யோஷிவாரா. 1657இல் எடோவையே சாம்பலாக்கிய பெருந்தீக்குப் பிறகு, பேட்டையை நகரின் விளிம்பில், அசாகுசா கோயிலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். சுற்றிலும் அகழி. உள்ளே போக ஒரு பெரிய வாசல். ஆண்கள் அந்த வாசல் வழியே போனார்கள், வந்தார்கள். பெண்கள் அனுமதியில்லாமல் வெளியே வர முடியாது. அந்த அகழி, வெளியாட்கள் உள்ளே வராமல் காப்பதற்காக வெட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வசந்தம் வந்தால் நடுத்தெருவில் பூத்த செர்ரி மரங்களைக் கொண்டுவந்து நடுவார்கள். பூ உதிர்ந்ததும் வேரோடு எடுத்துவிடுவார்கள். அந்தத் தெருவில் முதல் தரக் கணிகை, ஓய்ரான் என்பவள், கறுப்பு அரக்குப் பூசிய உயரமான மரச்செருப்பில் அடிமேல் அடி வைத்து ஊர்வலம் வருவாள். ஓவியர்கள் தீட்டியது பெரும்பாலும் இந்தக் காட்சியைத்தான்.

சரி, படம் எப்படி உருவானது? இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால், நாம் "உத்தமாரோவின் படம்", "ஹருநோபுவின் படம்" என்று ஓவியர் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் படத்தில் நான்கு பேருடைய உழைப்பு இருக்கிறது. பதிப்பாளர் பணம் போடுகிறார். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுச் சித்திரம் வரைகிறார். செதுக்குபவர் அந்தத் தாளை மலைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தை எல்லாம் செதுக்கி எடுக்கிறார். மூலச் சித்திரம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் பலகையில் நீரும் சாயமும் பூசி, முசுக்கட்டை நாரில் செய்த காகிதத்தைப் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். பலகையின் மூலையில் வெட்டிய சிறு அடையாளத்தில் தாளின் முனையைப் பொருத்துவார். பத்துப் பலகை மாறினாலும் நிறம் கோட்டைத் தாண்டாது.

நெற்றியோரத்தில் கூந்தல் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். அந்த ஒவ்வொரு மயிரும் மரத்தில் மேடாக நிற்கும் ஒரு கோடு. இரு பக்கமும் மரத்தை எடுத்து, நடுவில் மயிரிழை அளவுக்கு மரத்தை நிறுத்த வேண்டும். கத்தி ஒரு கணம் வழுக்கினால் பலகை பாழ். பட்டறையில் இந்தக் கூந்தல் வேலையை மூத்த செதுக்குநருக்குத்தான் கொடுப்பார்கள். அவர் பெயர் பெரும்பாலான படங்களில் கிடையாது. வெள்ளை உடையில் பூவேலை தெரிய வேண்டுமானால், சாயமே இல்லாமல் வெறும் பலகையில் அழுத்தித் தாளையே புடைக்க வைப்பார்கள். பின்னணி மினுங்க வேண்டுமா, அப்பிரகப் பொடி தூவுவார்கள். இத்தனை வண்ணத்தில் முழுமையாக அச்சிடும் கலை 1765 வாக்கில் கைகூடியது. அதன் முதல் பெரிய ஓவியர் சுசுகி ஹருநோபு. ஐந்தே ஆண்டில், 1770இல், அவர் இறந்துவிட்டார். அந்த ஆண்டிலேயே யோஷிவாராக் கணிகையரைப் பெயர் பெயராக வரைந்த அவருடைய படப்புத்தகமும் வெளிவந்தது.

பெயர் பெயராக என்றேனே, அதைக் கவனியுங்கள். இந்தப் படங்களின் மூலையில் எழுத்து இருக்கும். அதில் பெண்ணின் பெயர் மட்டுமா இருக்கும்? எந்த விடுதியைச் சேர்ந்தவள் என்பதும் இருக்கும். ஓகியா விடுதி ஹனாஓகி. தமாயா விடுதி கொமுராசாகி. சோஜியா விடுதி ஹினாசுரு. படத்தைப் பார்த்துவிட்டு, நேரே எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்!

இசோதா கோர்யூசாய் என்ற ஓவியர் 1776 வாக்கில் ஒரு படவரிசையைத் தொடங்கினார். இளந்தளிர்போல் புதிய உடைக்கோலங்கள் என்று பொருள்படும் தலைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கணிகை, அவளுடைய இளந்தோழியர், இரண்டு சிறுமிகள். எல்லோரும் புத்தம் புதிய உடையில். நம் ஊரில் ஜவுளிக்கடைக்காரர்கள் அழகிகளின் படம் போட்டுக் காலண்டர் கொடுத்தார்களே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்தது. புடவைக்கு விளம்பரம், கூடவே பெண்ணுக்கும் விளம்பரம்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை முழுக்கப் புரிந்துகொண்ட மனிதர் சுத்தாயா ஜூசாபுரோ. 1750இல் யோஷிவாராவிலேயே பிறந்தவர். பேட்டையின் வாசலருகே புத்தகக் கடை வைத்தார். எந்த விடுதியில் எந்தப் பெண், எந்தத் தரம் என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகத்தை வெளியிட்டுப் பணம் பார்த்தார். 1783இல் நகர மையமான நிஹோன்பாஷிக்குக் கடையை மாற்றினார். அடுத்த ஆண்டே கித்தாவோ மாசானோபு வரைந்த ஓர் ஆடம்பரப் படத்தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு கணிகையின் படத்துக்கு மேலும் அவளே எழுதிய கவிதை, அவள் கையெழுத்திலேயே அச்சாகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, கவிதை கட்டத் தெரிந்த, தேநீர்ச் சடங்கும் இசையும் கற்ற பெண்கள் அவர்கள். அந்தக் கல்வியெல்லாம் உண்மை. அந்தக் கல்விக்கான செலவும் அவர்கள் பெயரில் கடனாக ஏறியது என்பதும் உண்மை. ஜப்பான் தொலைக்காட்சியான என்எச்கே 2025இல் இந்த சுத்தாயாவையே நாயகனாக வைத்து ஆண்டு முழுக்க ஒரு தொடர் ஒளிபரப்பியது. அந்த அளவுக்கு அவர் இன்றும் ஒரு பெரும் புள்ளி.

அந்த சுத்தாயா வளர்த்தெடுத்த ஓவியர்தான் கித்தகாவா உத்தமாரோ. அதுவரை முழு உருவமாக நின்ற பெண்ணை, 1790களின் தொடக்கத்தில் அவர் மார்பளவு நெருங்கி வந்து வரைந்தார். முகமும் கையும் மட்டும். பின்னால் அப்பிரக மினுக்கம். இருந்தும் ஒரு சங்கடம் பாருங்கள். அவர் வரைந்த ஐந்து பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூக்கு கொஞ்சம் வளையும், தாடை கொஞ்சம் உருளும். மற்றபடி எல்லாம் ஒரே முகம். ஆளை அறிய வேண்டுமென்றால் மூலையில் இருக்கும் பெயரையோ உடையில் இருக்கும் குலச்சின்னத்தையோதான் தேட வேண்டும்.

ஆனால் உத்தமாரோ சாமானியர் அல்லர். பேட்டையின் ஒரு முழு நாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரித்து, 1794 வாக்கில் பன்னிரண்டு படங்கள் போட்டார். நள்ளிரவு தாண்டிய பொழுதுக்கு அவர் எதை வரைந்தார் தெரியுமா? தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண், ஒரு கையில் எரியும் காகிதத்திரி, மறு கையில் தாள், காலால் செருப்பைத் தடவித் தேடுகிறாள். ஊர்வலம் இல்லை, புன்னகை இல்லை. அலுப்புத்தான் இருக்கிறது. அந்த வரிசையிலேயே எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

விடியற்காலைப் படத்தில் இன்னொரு வேடிக்கை. வாடிக்கையாளர் கிளம்புகிறார், ஆள் படத்தில் இல்லை. அவருக்குப் போட்டுவிடுவதற்காக மேலங்கியைப் பெண் கையில் ஏந்தியிருக்கிறாள். அதன் உள்துணியில் ஓர் உருவம் தீட்டியிருக்கிறது. யார் தெரியுமா? போதிதருமர்! தென்னாட்டிலிருந்து சீனம் போனவர் என்று மரபு சொல்லும், காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் அதே போதிதருமர். ஜப்பானியர் அவரை தாருமா என்பார்கள். விடுதிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? யோஷிவாராவில் ஹந்தாயூ என்ற கணிகை இருந்தாள். போதிதருமர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று யாரோ வியந்து சொல்ல, நாங்கள் இரவும் பகலும் பத்து ஆண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நாங்கள் அவருக்கு மேலல்லவா என்று அவள் கேட்டாளாம். ஹனாபுசா இச்சோ என்ற ஓவியர் அதைக் கேட்டு, போதிதருமரையே பெண்ணாக வரைந்தார் என்பது கதை. அதற்குப் பிறகு பெண் போதிதருமர் என்பது ஓவியர்களுக்கு ஒரு வாடிக்கையான வேடிக்கையாகிவிட்டது. வேடிக்கைதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டு என்ற கணக்கு வேடிக்கை அல்ல.

பத்து ஆண்டு என்பதுதான் அடிமை ஒப்பந்தத்தின் வழக்கமான காலம். கடனில் மூழ்கிய பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு மகளை விடுதியில் விட்டுவிடுவார்கள். அந்தப் பணம் அவள் கடன். அவள் உடுத்தும் பட்டு அவள் கடன். படுக்கை விரிப்பு அவள் கடன். நோய் வந்து படுத்தால் அதுவும் கடன். நாம் அருங்காட்சியகத்தில் வியந்து நிற்கிறோமே அந்த உடை, அது அவளுடைய பேரேட்டில் ஏறிய தொகை. இருபத்தேழு வயதை ஒட்டி விடுதலை என்பது வழக்கு. அதுவரை உயிரோடு இருந்தால்!

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்புங்கள். பெரிய கணிகையின் இரு பக்கமும் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சிறுமிகள் நிற்கிறார்களே, அவர்களுக்குக் கமுரோ என்று பெயர். ஏழெட்டு வயதில் உள்ளே வந்த குழந்தைகள். புகைக்குழல் எடுத்துக் கொடுப்பார்கள், கடிதம் கொண்டு போவார்கள், அக்கா நடந்தால் கூடவே நடப்பார்கள். வளர்ந்தால் இளந்தோழி, அதன்பின் தொழில். நடுவில் நிற்பவளும் ஒரு நாள் ஓரத்தில் நின்றவள்தான். ஓவியர் அலங்காரத்துக்காகச் சேர்த்த ஜோடி என்று நாம் நினைக்கிறோம். அந்த வியாபாரம் எப்படித் தொடர்ந்தது என்பதற்கான சாட்சியே அந்தக் குழந்தைகள்தான்.

அரசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா? இல்லை, கடுமையாகத் தலையிட்டது. எதில் தலையிட்டது என்பதுதான் கூத்து. 1790 முதல் தணிக்கை முத்திரை இல்லாமல் படம் அச்சிடக் கூடாது. 1791இல் பேட்டையைப் பற்றிக் கதை எழுதியதற்காக சாந்தோ கியோதெனுக்கு 50 நாள் கைவிலங்கு. நாம் சற்றுமுன் பார்த்த மாசானோபுவின் எழுத்துப் பெயர்தான் அது. பதிப்பாளர் சுத்தாயாவின் சொத்தில் பாதி அபராதமாகப் போயிற்று. 1793இல் ஓர் ஆணை: கணிகையர் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது. தேநீர்க் கடைப் பெண் ஒகித்தா, அரிசி முறுக்குக் கடைக்காரர் மகள் ஒஹிசா ஆகியோர் உத்தமாரோவின் படங்களால் ஊரறிந்த அழகிகளாகி, கடைவாசலில் கூட்டம் நெரிந்தது. அரசுக்கு அது பொறுக்கவில்லை. 1800இல் மார்பளவுப் படத்துக்கே தடை. 1804இல், இறந்து இருநூறு ஆண்டான ஹிதேயோஷி என்ற ஆட்சியாளரை வரைந்ததற்காக உத்தமாரோவுக்கே கைவிலங்கு. அடுத்த இரண்டு ஆண்டில் அவர் காலமானார். பாருங்கள், பெயரைத் தடை செய்தார்கள், முகத்தின் அளவைத் தடை செய்தார்கள், பழைய அரசனின் படத்தைத் தடை செய்தார்கள். முன்பணம் கொடுத்துக் குழந்தையை விடுதியில் அடைப்பதை மட்டும் தடுக்கவில்லை.

அந்தப் பெண்கள் பேசாமலா இருந்தார்கள்? யோஷிவாரா திரும்பத் திரும்பத் தீயில் எரிந்தது. அவற்றில் சில தீ, பெண்களே வைத்த தீ. 1849இல் உமேமோத்தோயா என்ற விடுதியில் 16 பெண்கள் சேர்ந்து தீ வைத்துவிட்டு, தாங்களே போய் ஒப்புக்கொண்டார்கள். முதலாளி அடித்தான், சோறு சரியாகப் போடவில்லை என்பது அவர்கள் முறையீடு. அவர்களில் சிலர் தம் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பெண் அச்சில் அணிகலனாகக் கவிதை எழுதினாள்; இன்னொரு பெண் தான் பட்ட அடியை எழுதிவைத்தாள். இரண்டும் கணிகையின் கையெழுத்துத்தான். முதலாவது அருங்காட்சியகச் சுவருக்கு வந்தது. இரண்டாவது வெளிச்சத்துக்கு வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பேட்டைக்கு அருகே மினோவாவில் ஜோகான்ஜி என்ற கோயில் இருக்கிறது. கேட்பாரற்று இறந்த பெண்களின் உடல்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். சுமார் 25,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது.

இந்தப் படங்கள் கடல் கடந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; சுருக்கமாகச் சொல்கிறேன். ஏய்சென் என்பவர் வரைந்த ஓய்ரான் ஒருத்தி, 1886இல் ஒரு பாரீஸ் இதழின் அட்டையில் இடவலம் மாறி அச்சானாள். அந்த அட்டையைக் கட்டம் போட்டு நகலெடுத்து, 1887இல் வின்சென்ட் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சுற்றிலும் குளம் வரைந்து தவளையும் கொக்கும் வைத்தார். அன்றைய பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அவ்விரண்டும் விலைமகளைக் குறிக்கும் சொற்கள். கிழக்கின் மர்மம், கிழக்கின் மென்மை என்று மற்றவர்கள் உருகிக்கொண்டிருந்தபோது, படத்தில் இருப்பவள் யார் என்று வான் கோவுக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானிலேயே இந்த மாயை உடைந்த ஆண்டு 1872. சீனக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பெரு நாட்டுக்குப் போன மரியா லூஸ் என்ற கப்பல் யோக்கோஹாமாவில் நின்றது. இது அடிமை வியாபாரம் என்று ஜப்பானிய நீதிமன்றம் கூலிகளை விடுவித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திருப்பிக் கேட்டார்: உங்கள் ஊர் விடுதிகளில் இருக்கும் பெண்கள் மட்டும் யாராம்? பதில் இல்லை. அதே ஆண்டு விடுதலை ஆணை வந்தது. நீதித்துறை அதற்கொரு விளக்கமும் கொடுத்தது: இந்தப் பெண்கள் மனித உரிமை இழந்து மாடு, குதிரைபோல் ஆகிவிட்டார்கள், மாட்டிடமும் குதிரையிடமும் யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே கடன் ரத்து. கேட்கக் கூசும் தர்க்கம். ஆனால் கடன் ரத்தாயிற்று. பின்வாசல் வழியாக, அறை வாடகை என்ற பெயரில் தொழில் திரும்ப வந்ததும், 1958இல்தான் யோஷிவாராவின் தொழில் சட்டப்படி முடிவுக்கு வந்ததும் வேறு கதை.

அந்த 1872ஆம் ஆண்டிலேயே தகஹாஷி யூயிச்சி என்ற ஓவியர் மேனாட்டு முறையில், எண்ணெய் வண்ணத்தில், ஓர் ஓய்ரானை வரைந்தார். அவள் பெயர் கோயினா. அதே ஆமையோட்டு ஊசிகள், அதே பட்டு. ஆனால் கன்னத்தில் எலும்பு தெரிகிறது. கண்ணில் களைப்பு தெரிகிறது. தோலுக்கு ஒரு மனிதத் தோலின் நிறம் இருக்கிறது. படத்தைப் பார்த்த கோயினா, என் முகம் இப்படி இல்லை என்று கோபப்பட்டு அழுதாள் என்று சொல்வார்கள். ஏன் அழமாட்டாள்? நூறு ஆண்டுகளாக அச்சுப் படங்கள் அவளைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு முகத்தைக் கொடுத்து வைத்திருந்தன. தன் சொந்த முகத்தை ஓவியத்தில் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவையாக இருந்திருக்கலாம்.

முகமே காட்டாமல் சொன்னவர்களும் உண்டு. ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், விடுதி அறையின் சன்னலில் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்து, கம்பிகளுக்கு அப்பால் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கிறது. தரையில் யாரோ வாங்கி வந்த கொண்டை ஊசிகள். பெண்ணைக் காணோம், தடுப்புக்குப் பின்னால் வேலையில் இருக்கிறாள். ஹொக்குசாயின் மகள் ஓயி, தூரிகையால் தீட்டிய ஓவியம் ஒன்று டோக்கியோவின் ஓத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரவு, மரக்கம்பித் தடுப்புக்கு உள்ளே விளக்கொளியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே இருட்டில் ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். பெண்களின் முகங்களைக் கம்பிகள் மறைக்கின்றன. ஆண் ஓவியர்கள் இத்தனை பேர் வரைந்த பேட்டையில், கம்பியை முதன்மையாக வரைந்தது ஒரு பெண்.

நண்பர்களே, அழகைப் பழிக்க நான் வரவில்லை. அந்தச் செதுக்குநரின் கத்தியை நான் வணங்குகிறேன். பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் 6,500 படங்களைக் கொடுத்தார்கள். ஒருபோதும் கண்காட்சியில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. வெளிச்சம் பட்டால் அந்தப் பூச்சாயங்களின் நீலமும் ஊதாவும் வெளுத்துவிடும் என்ற அக்கறை. ஆனால் அவற்றின் நிழற்படங்களை அருங்காட்சியகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போய், கைபேசியிலேயே பாருங்கள். எதை முதலில், எதைக் கடைசியில் பார்ப்பது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். முதலில் மூலையில் இருக்கும் விடுதியின் பெயர். அடுத்து, ஓரத்தில் நிற்கும் இரண்டு சிறுமிகள். அதன்பின் உடையின் விலையை மனத்தில் கணக்கிடுங்கள். நடுவில் இருப்பவளின் முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்.